பழி தீர்த்த கைக்கு மன்னிப்பு உண்டா?

கேள்வி: சாமி, எங்கள் ஊர் நெல்லைப் பக்கம். வரப்புத் தகராறில் என் மூத்த மகனை மூன்று வருஷத்துக்கு முன்னால் வெட்டிக் கொன்றுவிட்டார்கள். வழக்கு இன்னும் இழுத்துக்கொண்டிருக்கிறது, எல்லாரும் ஜாமீனில் வெளியே இருந்தார்கள். போன வருஷம் என் இளைய மகன் அந்த வழக்கின் முதல் குற்றவாளியை வெட்டிவிட்டான். இப்போது பாளையங்கோட்டை ஜெயிலில் விசாரணைக் கைதி. ஜெயிலில் மனு போட்டுப் பார்க்கப் போனால், "அம்மா, நான் செஞ்சது தப்புன்னு எனக்குத் தோணல. ஆனா ராத்திரி பயமா இருக்கு. ஆண்டவர் என்னை மன்னிப்பாரா?" என்று கேட்கிறான். கொலைகாரனுக்கு நித்திய வாழ்வு கிடையாது என்று பைபிளிலேயே இருக்கிறது என்கிறார் ஒருவர். ஜெபக் கூட்டம் நடத்தும் போதகரோ, இயேசுவை ஏற்றுக்கொண்ட நிமிஷமே எல்லாம் போய்விடும் என்கிறார். பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் பாவத்தைச் சொன்னால் அவர் போலீசில் சொல்லிவிடுவாரா? கோர்ட்டில் ஒத்துக்கொள்ள வேண்டுமா? செத்தவன் பெஞ்சாதி எங்கள் கோவிலுக்குத்தான் வருகிறாள். அதனால் நான் பூசைக்குப் போய் எட்டு மாதமாகிறது. இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். செய்தி கேட்டபோது என் வயிறு குளிர்ந்தது. அதுவும் பாவமா?

பதில்: அன்புள்ள அம்மா, மன்னிப்பார். இதில் சந்தேகம் வேண்டாம். கொலை சாவான பாவம், அதாவது ஆன்மாவையே சாகடிக்கும் கனமான பாவம், ஆனால் மன்னிக்க முடியாத பாவம் அல்ல. பழிவாங்கக் கொன்றதும் அப்படித்தான். ஆனால் உங்கள் மகன் சொன்ன இரண்டு வாக்கியத்தில் முதலாவது, "தப்புன்னு தோணல" என்பது, அந்த மன்னிப்பு உள்ளே வரவிடாமல் வாசலில் நிற்கிறது. ஆண்டவர் மன்னிப்பாரா என்பதைவிட இந்த வாக்கியத்தை என்ன செய்வது என்பதுதான் பெரிய வேலை.

முதலில் ஊரில் சொல்லும் இரண்டு பேச்சையும் முடித்துவிடுவோம். நித்திய வாழ்வு இல்லை என்பது யோவானின் முதல் திருமுகம் 3:15. அதே வசனத்தின் முதல் பாதியை யாரும் வாசிப்பதில்லை. தன் சகோதரனை வெறுக்கிற ஒவ்வொருவனும் கொலைகாரன் என்கிறது அது. இந்த வசனம் கதவைச் சாத்துகிறது என்றால், பக்கத்து வீட்டோடு பேச்சுவார்த்தை இல்லாத பாதி ஊருக்கும் சேர்த்தே சாத்துகிறது. யோவான் சொல்வது, வெறுப்பிலும் கொலையிலும் நிலைத்திருக்கிற மனதில் அந்த வாழ்வு தங்காது என்பதை. மனாசே அரசன் எருசலேமைக் குற்றமற்றவர்களின் இரத்தத்தால் நிரப்பினான் என்று அரசர் நூல் சொல்கிறது. அவனே விலங்கு பூட்டப்பட்டு பாபிலோனில் கிடந்தபோது தன்னைத் தாழ்த்தி மன்றாடினான், கடவுள் கேட்டார் என்று இரண்டாம் குறிப்பேடு 33-ஆம் அதிகாரம் சொல்கிறது. போதகர் சொல்வதில் பாதி சரி. கிறிஸ்துவின் இரத்தம் கழுவாத பாவம் இல்லை. மனந்திரும்புதல் என்றால் என்ன, அதற்குப் பின் என்ன பாக்கி இருக்கிறது என்ற மறுபாதியை அவர் விட்டுவிட்டார்.

திருடப் போன இடத்தில் கொன்றவனுக்குத் தான் செய்தது தப்பு என்று தெரியும். பழிவாங்கக் கொன்றவன் கடமையைச் செய்துவிட்டதாக நினைக்கிறான். அண்ணனுக்குத் தம்பி பட்ட கடன் அது என்று ஊரும் சொல்லியிருக்கும். அதனால் மற்றக் கொலைகளைவிட இந்தக் கொலையில் மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்காக மனம் வருந்துவது, கடினம்.

வேதாகமத்தில் இதற்கு அச்சு அசலான ஆள் தாவீது அரசனின் படைத்தலைவன் யோவாபு. அவன் தம்பி அசாவேலை எதிர்ப்படையின் தலைவன் அப்னேர் போரில் கொன்றான். என்னைத் துரத்தாதே, விலகிப் போ என்று இருமுறை எச்சரித்துவிட்டுத்தான் கொன்றான். பின்னர் அப்னேர் தாவீதோடு சமாதானம் பேசிவிட்டுத் திரும்பும்போது, தனியாகப் பேசவேண்டும் என்று எபிரோன் நகர வாயிலுக்குள் கூட்டிப்போய் வயிற்றில் குத்திக் கொன்றான் யோவாபு. அது நடந்த இடத்தைப் பாருங்கள். பழிவாங்குபவனின் கைக்குத் தப்பி ஓடி வருகிறவன் ஒதுங்கட்டும் என்று இஸ்ரயேலில் குறித்து வைத்த ஆறு அடைக்கல நகர்களில் எபிரோனும் ஒன்று. தன் செயலுக்காக யோவாபு வருந்தியதாக ஒரு வரிகூட இல்லை. வருந்தாதவன் அதோடு நிற்கவும் இல்லை. பல வருஷம் கழித்து அமாசா என்ற இன்னொரு படைத்தலைவனை, முத்தமிடுகிற சாக்கில் தாடியைப் பிடித்துக்கொண்டு அதே மாதிரிக் குத்தினான். கடைசியில் சாலமோன் காலத்தில் பலிபீடத்தின் கொம்புகளைப் பிடித்துக்கொண்டு நின்றான். பீடம் அவனைக் காப்பாற்றவில்லை. திட்டமிட்டு வஞ்சகமாகக் கொன்றவனை என் பீடத்திலிருந்தும் பிடித்துக்கொண்டு போ என்பது மோசேயின் சட்டம், விடுதலைப் பயணம் 21:14.

அதே காலத்தில் இன்னொரு கொலையாளி, தாவீது. தன் படைவீரன் உரியாவைப் போர்முனையில் நிறுத்திச் சாகடித்தவன். இறைவாக்கினர் நாத்தான் வந்து முகத்துக்கு நேரே சொன்னதும் அவன் வாயில் வந்தது, நான் ஆண்டவருக்கு எதிராகப் பாவம் செய்துவிட்டேன் என்பது மட்டும். உரியா என்ன செய்தான், சூழ்நிலை என்ன என்று எதுவும் இல்லை. ஆண்டவர் உன் பாவத்தை நீக்கிவிட்டார், நீ சாகமாட்டாய் என்று நாத்தான் அந்த இடத்திலேயே சொன்னான். ஆனால் வாள் உன் வீட்டை விட்டு விலகாது என்று சற்று முன் சொன்னதை அவன் திரும்பப் பெறவில்லை. மன்னிப்பு கிடைத்தது, பின்விளைவு நின்றுவிடவில்லை.

அடுத்து "பயமா இருக்கு" என்ற வாக்கியம். இதை அலட்சியம் செய்யாதீர்கள். மனஸ்தாபம் இரண்டு வகை. கடவுள்மேல் உள்ள அன்பினால் பாவத்தை வெறுப்பது உத்தம மனஸ்தாபம். நரகத்துக்குப் பயந்து வெறுப்பது அதற்குக் கீழே. கீழேயுள்ளதும் பாவசங்கீர்த்தனத்தோடு சேர்ந்தால் போதும் என்று 1551-இல் திருச்சபை ஆயர்களின் திரிதெந்து பொதுச்சங்கம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. அழுகை வரவேண்டும் என்பதில்லை. கொல்லப்பட்டவனை நினைத்துப் பரிதாபம் வரவேண்டும் என்பதும் இல்லை. மனஸ்தாபம் உணர்ச்சி அல்ல, மனத்தின் முடிவு. ஆனால் தண்டனைக்கு மட்டும் பயந்து பாவத்தைக் கையில் வைத்துக்கொண்டிருக்கும் பயம் போதாது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிய, அவன் தன்னையே ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: நரகமும் ஜெயிலும் இல்லையென்றால், நாளைக்கு இதைத் திரும்பச் செய்வேனா? செய்வேன் என்றால் இன்னும் மனஸ்தாபம் வரவில்லை. செய்யமாட்டேன் என்று ஒரு வினாடி சொல்ல முடிந்தாலும் அந்த வினாடியைப் பிடித்துக்கொள்ளலாம். அடுத்த கேள்வி: அண்ணன் வழக்கில் மிச்சமிருக்கும் குற்றவாளிகள்மேல் இன்னும் கணக்கு வைத்திருக்கிறேனா? வைத்திருந்தால், செய்த கொலைக்கு எவ்வளவு அழுதாலும் குரு பாவமன்னிப்பு கொடுக்க முடியாது. இனிச் செய்யமாட்டேன் என்ற பிரதிக்கினை இல்லாத இடத்தில் அருளடையாளம் செல்லாது.

அண்ணனைக் கொன்றது அநியாயம் என்று சொல்வதை அவன் விடவேண்டியதில்லை, அம்மா. அது அநியாயம்தான். இரண்டு உண்மையும் ஒரே மனத்தில் இருக்கலாம்: அவர்கள் செய்தது கொலை, நான் செய்ததும் கொலை. முதலாவதை அழித்தால்தான் இரண்டாவதை ஒத்துக்கொள்ள முடியும் என்று அவன் நினைப்பதால்தான் "தோணல" என்று சொல்கிறான்.

இனி நடைமுறை. மனு பார்க்கும் இடத்தில் இந்தப் பேச்சை எடுக்காதீர்கள். பக்கத்தில் பத்துக் குடும்பம் சத்தம் போட்டுப் பேசிக்கொண்டிருக்கும். அது மட்டும் அல்ல, தாயிடம் சொன்ன ஒப்புதலுக்குச் சட்டத்தில் பாதுகாப்பு கிடையாது. கோர்ட்டு உங்களைக் கூண்டில் ஏற்றிக் கேட்கலாம். உங்கள் பங்குத்தந்தையிடமோ மறைமாவட்டச் சிறைப்பணிக் குழுவிடமோ சொல்லி, சிறைக் கண்காணிப்பாளர் அனுமதியோடு குரு நேரில் போகச் செய்யுங்கள். காவலர் பார்வையில் இருக்கலாம், காதில் விழும் தூரத்தில் இருக்கக்கூடாது என்று குருவே கேட்டு வாங்குவார். போனிலோ கடிதத்திலோ பாவசங்கீர்த்தனம் கிடையாது. கொலையை மன்னிக்க ஆயரிடம் போகவேண்டும் என்று சிலர் சொல்வார்கள், அப்படி ஒரு விதி இல்லை. பாவசங்கீர்த்தனம் கேட்க அனுமதி பெற்ற எந்தக் குருவும் மன்னிக்கலாம்.

போலீசில் சொல்லமாட்டார். திருச்சபைச் சட்டம் 983 இதை இம்மியும் விலக்கில்லாமல் தடுக்கிறது. நேரடியாக வெளியிட்ட குருவுக்குத் தானாகவே சபைநீக்கம் விழும், அதை நீக்குவதற்கு உரோமைக்குத்தான் போகவேண்டும். நம் நாட்டுச் சாட்சியச் சட்டத்தில் குருவுக்கென்று தனிச் சலுகை எழுதவில்லை என்பது உண்மை. அதனால் கோர்ட்டு கேட்டால் குரு ஜெயிலுக்குப் போகலாம், வாயைத் திறக்கமாட்டார். கூட வந்தவர்கள் யார் என்று கேட்கவும் அவருக்கு உரிமை கிடையாது. மகனும் பெயர் சொல்லவேண்டாம்.

இந்த மாதிரிப் பாவசங்கீர்த்தனம் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே விதமாகத்தான். ஆரம்பித்த இரண்டாவது நிமிஷத்தில் செத்தவரின் பாவங்களைச் சொல்லத் தொடங்கிவிடுவார்கள். வரப்பு, பழைய சண்டை, ஜாமீன், போலீஸ் வாங்கிய காசு என்று அரைமணி நேரம் போகும். குரு கேட்டுக்கொள்வார், ஆனால் அது பாவசங்கீர்த்தனம் அல்ல. இன்னொரு விதம், "கோபப்பட்டேன், சண்டை போட்டேன்" என்று மழுப்புவது. தெரிந்தே சாவான பாவத்தை மறைத்தால் மற்றப் பாவங்களும் மன்னிக்கப்படாது, மறைத்தது ஒரு பாவமாகக் கூடும். அவன் சொல்லவேண்டியது சுருக்கம்தான்: ஒரு மனிதனைப் பழிவாங்கக் கொன்றேன். இத்தனை காலம் திட்டம் போட்டேன். வேறு யாருக்கும் காயம் பட்டதா, வேறு யாரையாவது இதில் இழுத்துவிட்டேனா, பிறகு பொய் சொன்னேனா. திட்டம் போட்ட காலத்தைச் சொல்வது முக்கியம். அந்த வேகத்தில் கைநீட்டியதும் இரண்டு வருஷம் காத்திருந்து செய்ததும் ஒன்றல்ல. சட்டமும் இந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது.

பாவமன்னிப்பு கொடுத்ததும் எல்லாம் முடிந்ததா என்றால், ஆதித் திருச்சபை அப்படி நினைக்கவில்லை. நான்காம் நூற்றாண்டில் புனித பசிலியார் வேண்டுமென்றே கொன்றவனுக்கு 20 வருஷத் தவம் குறித்தார். 4 வருஷம் கோவில் வாசலுக்கு வெளியே நின்று, உள்ளே போகிறவர்களிடம் எனக்காக மன்றாடுங்கள் என்று அழவேண்டும். 5 வருஷம் இறைவாக்கை மட்டும் கேட்டுவிட்டு வெளியேற வேண்டும். 7 வருஷம் முழந்தாளில். 4 வருஷம் மற்றவர்களோடு நிற்கலாம், நற்கருணை வாங்க முடியாது. இன்று அவ்வளவு இல்லை. குரு கொடுக்கும் பரிகாரம் சிறியதாக இருந்தால், கொலை இவ்வளவுதானா என்று அவன் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகச் சொல்கிறேன்.

பழிவாங்கிய ஒருவரைத் திருச்சபை எப்படிக் கையாண்டது என்பதற்கு 390-ஆம் வருஷத்து விவகாரம் நல்ல சாட்சி. தெசலோனிக்காவில் கலகக் கும்பல் ஒன்று உரோமைப் பேரரசர் தெயோதோசியுவின் தளபதியைக் கொன்றது. அதற்குப் பழியாகப் பேரரசரின் உத்தரவில் படைவீரர்கள் அந்த ஊர் மக்களை வெட்டித் தள்ளினார்கள். மிலான் ஆயர் புனித அம்புரோசு அவருக்கு எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. நீர் முன்னால் நின்றால் என்னால் பலி ஒப்புக்கொடுக்க முடியாது, தாவீதைப் போலப் பாவத்தை ஒத்துக்கொள்ளும் என்று எழுதினார். பேரரசர் அரச உடையைக் கழற்றிவிட்டு மக்கள் முன்னால் தவம் செய்தார், பிறகுதான் நற்கருணை. மரண தண்டனை எழுதினால் 30 நாள் கழித்தே நிறைவேற்ற வேண்டும் என்று பேரரசரை அம்புரோசு சட்டம் போட வைத்ததாக வரலாற்றாசிரியர் தெயோதொரேத் எழுதுகிறார். எனக்கு இந்த 30 நாள்தான் பெரிதாகப் படுகிறது. அடுத்த தடவை கோபம் வந்தால் கைக்கும் வாளுக்கும் நடுவில் என்ன நிற்கும் என்பதையும் யோசித்த மனந்திரும்புதல் அது.

கோர்ட்டில் ஒத்துக்கொள்ள வேண்டுமா? பாவமன்னிப்புக்கு அது நிபந்தனை அல்ல. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அரசியலமைப்புச் சட்டம் 20(3) சொல்கிறது, திருச்சபையும் அதைக் கேட்பதில்லை. கொலைக்குத் தண்டனை ஆயுள் அல்லது மரணம். 2024 ஜூலை 1 முதல் நடந்ததற்குப் புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 103, அதற்கு முந்தியதற்கு இ.பி.கோ. 302. இதில் என்ன நிலைப்பாடு எடுப்பது என்பதை வக்கீலோடு பேசி அவன் முடிவு செய்யட்டும். ஒத்துக்கொள்வதாகவே அவன் முடிவெடுத்தால் நல்லது, ஆனால் போலீசிடம் அல்ல, வக்கீலுக்குத் தெரிந்து நீதிபதி முன்னால். வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும். உதவி எண் 15100. சாட்சிகள் முடிந்தபின் நீதிபதி அவனிடம் நேரில் கேட்பார், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் பிரிவு எண்ணை வைத்து வக்கீல்கள் இதை இன்னும் "313" என்றுதான் சொல்வார்கள். அப்போது சத்தியம் வாங்கமாட்டார்கள், பேசாமல் இருக்கவும் உரிமை உண்டு. பேசாமல் இருப்பது வேறு, பொய் சொல்வது வேறு. செய்யக்கூடாதவை: பொய்ச் சாட்சி தயார் செய்வது, சாட்சிகளை மிரட்டுவது, தன் குற்றத்தை இன்னொருவன் தலையில் விழவிட்டுச் சும்மா இருப்பது. நம் பக்கத்துக் கொலை வழக்குகளில் சம்பந்தமில்லாத பங்காளிகளின் பெயரும் எஃப்.ஐ.ஆரில் ஏறிவிடுவது உண்டு. நிரபராதி ஒருவர் அப்படி மாட்டியிருந்தால், அவரை விடுவிக்கத் தன்னால் ஆனதைச் செய்வது உங்கள் மகனுக்கு மனச்சாட்சியின் கட்டாயம்.

அடுத்தது பரிகாரம். பறித்ததைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது பழைய போதனை. உயிரைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அந்த உயிர் சம்பாதித்துப் போட்ட சோற்றை ஓரளவு கொடுக்கலாம். செத்தவரின் பிள்ளைகளுக்குப் படிப்புச் செலவு என்று ஒன்றைக் குறித்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்போதே ஆளனுப்பிப் பணம் கொடுக்காதீர்கள். வழக்கு நடக்கும்போது அது சாட்சியை விலைக்கு வாங்குவதாகத்தான் படும், அவர் மனைவிக்கும் அவமானம். கொலை வழக்கைச் சமாதானம் பேசி முடிக்கவும் சட்டத்தில் இடமில்லை, யாராவது அப்படிச் சொல்லிக் காசு கேட்டால் நம்பாதீர்கள். தீர்ப்புக்குப் பிறகு, பங்குத்தந்தை வழியாக, எந்த நிபந்தனையும் இல்லாமல் கொடுங்கள். மகன் சிறையில் வேலை செய்து சம்பாதிக்கும் கூலியிலிருந்து சிறு தொகை வந்தாலும், நிலத்தை விற்று நீங்கள் கொடுப்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

அந்தப் பெண் மன்னிக்கவேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நாங்களும் ஒரு உயிரைக் கொடுத்திருக்கிறோம் என்று சொல்லிவிடவும் வேண்டாம். 1995-இல் மத்தியப் பிரதேசத்தில் அருள்சகோதரி ராணி மரியாவைப் பஸ்ஸில் வைத்துக் குத்திக் கொன்ற சமந்தர் சிங்குக்கு ராணி மரியாவின் தங்கை செல்மி பால் சிறையில் போய், சகோதரனாக ஏற்று ராக்கி கட்டியது 2002-இல். ஏழு வருஷம். அதுவும் அவராகப் போனது. கடவுளின் மன்னிப்பு அந்தப் பெண்ணின் மன்னிப்புக்காகக் காத்திருக்கவில்லை, அதனால் அவளை நெருக்கவேண்டிய தேவையும் இல்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். செய்தி கேட்ட நொடியில் வயிறு குளிர்ந்தது பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் உடம்பு. அதைப் பாவம் என்று சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு அதை மனதாரச் சரி என்று ஏற்றுக்கொண்டீர்களா, கொலைக்கு முன்னால் "உன் அண்ணன் ரத்தம் காயவில்லை" என்கிற மாதிரி ஏதாவது சொல்லிக்கொண்டிருந்தீர்களா என்று பாருங்கள். அப்படி இருந்தால் அது பாவசங்கீர்த்தனத்தில் சொல்லவேண்டிய பாவம், உங்கள் மகனுடையதோடு தொடர்புள்ள பாவம். மூத்தவர் வழக்கை விடவேண்டியதில்லை. இறந்தவர்மேல் இருந்த பகுதி அவரோடு முடிந்துவிடும், மற்றவர்கள்மேல் விசாரணை நடக்கும், நடக்கவேண்டும். நீதி கேட்பதும் பழி கேட்பதும் ஒன்றல்ல. மூத்தவரின் நினைவு நாளுக்கு வீரவசனம் எழுதி ஃபிளெக்ஸ் வைக்க இளவட்டங்கள் வந்தால் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள். அந்த வாசகத்தை எதிர்வீட்டுப் பிள்ளைகளும் வாசித்துத்தான் வளர்கிறார்கள்.

பூசைக்குத் திரும்பிப் போங்கள். அவள் வரும் பூசை தெரிந்தால் வேறு பூசைக்குப் போங்கள், அது ஒளிவது அல்ல, மரியாதை. நேரில் பட்டுவிட்டால் ஒதுங்கி வழிவிடுங்கள், பேச்சுக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் கடிதம் முழுக்க மூத்தவரின் நினைவு இருக்கிறது. கொல்லப்பட்டவரின் பெயர் ஓரிடத்திலும் இல்லை. மகனும் அவரை "அவன்" என்றுதான் சொல்வான் என்று நினைக்கிறேன். அவரை ஞானஸ்நானப் பெயரோடு சொல்லித் தினமும் ஒரு அருள் நிறைந்த மரியே சொல்லச் சொல்லுங்கள், நீங்களும் சொல்லுங்கள். பிடிக்காமல் சொன்னாலும் பரவாயில்லை. முதல் வாரம் பெயர் தொண்டையில் நிற்கும். அதற்கடுத்து திருப்பாடல் 51-ஐக் கொடுங்கள், இரத்தப்பழியிலிருந்து என்னை விடுவியும் என்று அதில் தாவீது கேட்கிற இடத்தில் அவன் நிறுத்தி வாசிக்கட்டும்.

குரு வரும் நாளிலும் அவன் "தோணல" என்றே சொன்னால், அவர் பாவமன்னிப்பைத் தள்ளிவைப்பார். அதை மறுப்பு என்று நினைத்துப் பயப்படாதீர்கள், மறுபடி வருவார். அதுவரை சிறையில் பூசை நடந்தால் அவன் உட்கார்ந்து கேட்கலாம், நற்கருணை வாங்கக்கூடாது. பக்கத்துக் கைதிகள் வாங்குகிறார்களே என்று கூச்சப்பட்டு வரிசையில் போய் நின்றுவிடுவார்கள், அதை முன்கூட்டியே அவனிடம் சொல்லிவையுங்கள்.